புட்டாளம்மை

செம்பூர்
2 செப்டம்பர் 2024

அக்காவுக்குத் தம்பி சுடலைக்கண்ணன் எழுதுவது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் சுகம் என்றே வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? அப்பா சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். பெற்ற பிள்ளையைப் பூட்டிப் போட்டவர் சௌக்கியமாகத்தான் இருப்பார்.

இந்தப் போதை மறுவாழ்வு செண்டரில் போன் கிடையாது. கொடுத்தால் வீட்டுக்குப் பேசுகிற சாக்கில் மால் விற்கிறவனுக்குப் பேசிவிடுவோமாம். கடுதாசி மட்டும்தான் எழுதலாம். அதையும் வார்டன் நாணு சார் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். “தமிழ்ல எழுதினா எனக்குப் புரியாதுன்னு நெனைச்சுக்காதே, கேட்டியா” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே நாணு சாருக்கும் என் வணக்கம்.

மூன்றாவது மாடி. ஜன்னலெல்லாம் கம்பி. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை, வெளியில்தான் இருக்கிறது. இங்கிருந்து தாராவிக்கு ஆட்டோ பிடித்தால் வாங்கின டீ ஆறுவதற்குள் வீடு வந்துவிடும். இந்தக் கடுதாசி வர நாலு நாளாகும். உனக்கே சிரிப்பாக இல்லையா?

என் சட்டைப் பையில் சரஸ் என்கிற கஞ்சாப் பிசின் இருந்தது உண்மை. சில்லம் குழாயில் வைத்து இழுத்ததும் உண்மை. அதற்காக ஆறு மாதமா? பை தைக்கிற கார்கானாவில் என் மெஷினில் இந்நேரம் எவனோ உட்கார்ந்திருப்பான். அப்பாவிடம் பேசு அக்கா. அவர் கையெழுத்துப் போட்டால்தான் இவர்கள் விடுவார்கள்.

உன் தம்பி,
சுடலை


தாராவி
11 செப்டம்பர் 2024

அன்புள்ள சுடலைக்கு அக்கா கலைச்செல்வி எழுதிக்கொள்வது. இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அம்மா முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உன்னை நினைத்து மூக்கைச் சிந்துகிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பாவிடம் பேசினேன். “அவனுக்கு அந்த எழவப் பழக்கினது யாருன்னு ஒரே ஒரு பேரச் சொல்லச் சொல்லு. அன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வாரேன். சொல்லலன்னா கல்யாணம் முடியுத வரைக்கும் அங்கனயே கெடக்கட்டும்” என்கிறார். ஒரு பேர்தானே, சொல்லித் தொலையேன். அப்பா போய் அவன் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்பார், உனக்கும் விடுதலை.

என் கல்யாணம் தையில் என்று முடிவாகிவிட்டது. டோம்பிவிலியில் மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீ சூரத்தில் மில் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறோம். மாப்பிள்ளைக்கு மட்டும் விஷயம் தெரியும். இந்த செண்டரை விசாரித்துச் சொன்னவரே அவர்தானே! “மாப்ளைய இப்படியே விட்டா கெட்டுருவான் மாமா. நல்ல எடமா நான் பாக்கேன்” என்று அவர் அப்பாவிடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வரன் தட்டிப்போய், இருபத்தொன்பது வயதில், என் தம்பிக்காகக் கவலைப்படுகிற ஒருவர் கிடைத்திருக்கிறார்.

ஆடியில் புட்டாளம்மை வந்து கழுத்தும் கன்னமும் வீங்கிக் கிடந்தாயே, மறந்துவிட்டாயா? எங்கள் கடையில் என்னோடு பில் போடுகிற அபயாம்பாள் மாமி அதைப் பொன்னுக்கு வீங்கி என்பாள். அம்மா என் கல்யாணச் சங்கிலியை எடுத்து உன் கழுத்தில் போட்டாள், வாசலில் வேப்பிலை சொருகினாள், அம்மன் வந்திருக்கிற வீட்டில் டாக்டர் பேச்சே கூடாது என்று காவல் இருந்தாள். வீக்கம் வடிந்ததும் தலைக்கு ஊற்றினாள். அவள் காப்பாற்றிக் கொடுத்த உடம்பு அது. கெடுத்துக்கொள்ளாதே.

பாசமுள்ள அக்கா,
கலைச்செல்வி


செம்பூர்
22 செப்டம்பர் 2024

அக்காவுக்கு. உடம்பு பரவாயில்லை. இங்கே போடுகிற டாலில் பருப்பைத் தேடித் தேடியே எனக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்.

பேர் எதுவும் கிடையாது. நானாகத்தான் பழகினேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடு.

இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்த அத்தானுக்கு நான் ரொம்ப நன்றி சொன்னதாகச் சொல். மறந்துவிடாதே. சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்றும் எனக்கு எழுது.

வாரத்துக்கு ஒரு தடவை டாக்டர் ஷமீமா வருவார். என் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஆடியில் புட்டாளம்மை வந்த கதையைச் சொன்னேன். உடனே என் கழுத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். “அப்போ உன் குரல் மாறிச்சா? அமுக்கினா நொறநொறன்னு சத்தம் வந்துதா? அதுக்கு மொத நாள் என்ன பண்ணிட்டிருந்தே?” என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் சொன்னதைக் கேட்டால் அம்மா வருத்தப்படுவாள். அதனால் அதை விடு.

நாள் நகரவே மாட்டேன் என்கிறது அக்கா. தரையைத் துடைக்கச் சொல்கிறார்கள், துடைத்த தரையையே மறுபடி துடைக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

சுடலை


தாராவி
8 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு. இங்கே எல்லோரும் சௌகரியம். தாதருக்குப் போய்ப் புடவை எடுத்தோம், கூட்டத்தில் அம்மா செருப்பைத் தொலைத்தாள். அதனால்தான் பதில் எழுதப் பிந்திவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

நீ சொன்ன நன்றியை அவரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். “இதெல்லாம் எதுக்கு, கலை” என்று சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். என்ன கூச்ச சுபாவம் பார்! யாராவது புகழ்ந்தாலே அவருக்கு ஆகாது.

எனக்கு உன் மேல்தான் ஆத்திரமாக வருகிறது. எவனோ ஒருத்தனுக்காக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். என் கல்யாணத்துக்குக் கூடப்பிறந்தவன் இல்லாமல் நான் மணையில் உட்கார வேண்டுமா? அவன் உனக்கு அக்காவை விடப் பெரியவனா?

டாக்டர் என்ன சொன்னார் என்பதை எனக்கு மட்டும் எழுது. அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே.

அக்கா


செம்பூர்
21 அக்டோபர் 2024

அக்காவுக்கு. இங்கே எல்லாம் வழக்கம் போலத்தான். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, வெளிக்காற்றும் இல்லை. புடவை என்ன கலர் என்று எழுதாமல் விட்டுவிட்டாயே?

என் நெஞ்சு இப்போது நன்றாக இருக்கிறதாம். டாக்டர் சொன்னதில் உனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எனக்கு உன்னை விடப் பெரியவர் எவரும் இல்லை. அப்படி இருக்கப்போய்த்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இதற்கு மேல் கேட்காதே. கேட்டால் ஒருநாள் கோபத்தில் சொல்லிவிடுவேன், அப்புறம் நீயே ஏண்டா சொன்னாய் என்று கேட்பாய்.

அத்தானுக்கு உடம்பு எப்படி? நெஞ்சு வலி, இருமல் என்று ஏதாவது சொல்கிறாரா? சும்மாதான் கேட்கிறேன்.

நேற்று ஜன்னலுக்கு நேரே மோனோ ரயில் போனபோது உள்ளே ஒரு ஆள் வடா பாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை அப்பாவிடம் சொல்லாதே.

சுடலை


தாராவி
17 நவம்பர் 2024

அன்புள்ள சுடலைக்கு அக்கா ஆசீர்வாதம். புடவை அரக்கு. நீ ஏன் அவர் உடம்பைக் கேட்டாயோ தெரியவில்லை, உனக்குக் கருநாக்கு!

முந்தாநாள் காலையில் எழுந்திருக்கும்போதே அவருக்குக் கழுத்தும் கன்னமும் பொதபொதவென்று வீங்கிவிட்டதாம். புட்டாளம்மைதான், உனக்கு வந்த அதே மாதிரி. போனில் பேசினார், மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரல். எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சுக்குள் குத்துகிறது என்றார், அப்புறம்தான் பாவமாகிவிட்டது. சின்னப் பிள்ளையிலேயே ஒரு தடவை வந்திருக்கிறதாம். “ரெண்டாந்தடவ வாரதுன்னா அம்மனுக்கு அவன் மேல அம்புட்டுப் பிரியம்” என்கிறார் அவர் அம்மா. நிச்சயத்துக்கு நாம் போட்ட சங்கிலியையே கழுத்தில் போட்டு, வேப்பிலை சொருகி, யாரும் உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்தி வைத்திருக்கிறார். லேசாக மூச்சு வாங்குகிறதாம், அது அம்மை சூடுதானாம்.

நம் அம்மா இங்கே மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாள். கடைக்கு லீவு சொல்லிவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை இளநீர் வாங்கிக்கொண்டு போகலாமென்று இருக்கிறேன். உனக்கு எத்தனை நாளில் வடிந்தது? அப்போது என்ன சாப்பிட்டாய்? உடனே எழுது.

அக்கா


செம்பூர்
21 நவம்பர் 2024

அக்கா, இதைப் படித்த கையோடு அத்தானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அவர் அம்மா மறித்தால் தள்ளிவிட்டுக் கொண்டு போ. அது புட்டாளம்மை இல்லை. எனக்கு வந்ததும் புட்டாளம்மை இல்லை.

சில்லத்தில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, புகையை வெளியே விடாமல் தம் கட்ட வேண்டும். யார் அதிக நேரம் கட்டுகிறார்கள் என்று பந்தயம். அப்படி முக்கிக்கொண்டு தம் கட்டினதில் நுரையீரலில் ஒரு ஓட்டை விழுந்து, காற்று நெஞ்சுக்குள் கசிந்து, தோலுக்கு அடியிலேயே கழுத்துக்கு ஏறியிருக்கிறது. டாக்டர் ஷமீமா சொன்னது இதுதான். ரொம்ப அபூர்வமாக வருமாம். பெரும்பாலும் தானாக வற்றிவிடுமாம், எனக்கு வற்றிவிட்டது. ஆனால் மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம் வீட்டில் வைத்திருக்கக்கூடாதாம். நுரையீரலே சுருங்கிவிடுமாம். அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறாயே அக்கா!

அத்தானுக்கு எப்படி அது வரும் என்று நீ கேட்பாய். ஆடியில் எனக்கு வீங்கினதற்கு முதல் நாள் என் எதிரில் உட்கார்ந்து தம் கட்டினவர் அவர்தான். பொண்ணு பார்க்க வந்த மறுவாரம் டோம்பிவிலியில் ஒரு ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், “ஒரு இழுப்பு இழு மாப்ளே, டென்ஷனெல்லாம் பறந்துரும்” என்று என் கையில் கொடுத்தவரும் அவர்தான். அப்பா கேட்கிற பேர் அதுதான். நீ அவர் பேரைச் சொல்லும்போதெல்லாம் உன் முகம் இருக்கிற இருப்பைப் பார்த்து என் வாய் அடைத்துவிட்டது. இப்போது சொல்லாவிட்டால் ஆள் போய்விடுவார்.

போ அக்கா. இளநீரெல்லாம் வேண்டாம், ஓடு.

சுடலை

(இதன் கீழே வேறு கையெழுத்தில்:)
சகோதரிக்கு, வார்டன் நாணு எழுதுவது. இது தபாலில் வந்து சேரும் வரை காத்திருக்கக் கூடாது. இங்கே யாருக்காகவும் நான் போன் செய்யக் கூடாது என்பது விதி. இருந்தாலும் உறையை ஒட்டுமுன் உங்களை அழைக்கிறேன். பகவான் துணை.


செம்பூர்
9 டிசம்பர் 2024

அக்காவுக்கு. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

நாணு சார் போனில் என் கடுதாசி முழுவதையும் வாசித்தாராம். நீ “சரி” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாயாம். அதற்கு அடுத்த நாள் கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை. அதற்குள் ஆபீசில் விஷயம் தெரிந்து அவரைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார்கள். இன்னொரு தடவை போனைத் தொட்டால் வேலை போய்விடும். பாவம், என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அத்தான் இருக்கிறாரா இல்லையா? அதை மட்டும் எழுது. திட்ட வேண்டுமென்றால் திட்டியும் எழுது. இங்கே ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்றுவிடுகிறேன். யாராவது வந்து சொல்லப்போகிறார்களோ என்று பார்த்தால், தரை துடைக்கத் துணி கொண்டு வருகிறான்.

சுடலை


செம்பூர்
19 ஜனவரி 2025

அக்கா, பொங்கலும் போய்விட்டது. இங்கே சக்கரைப் பொங்கல் என்று ஒன்று கொடுத்தார்கள். எனக்கு இறங்கவில்லை.

தை பிறந்துவிட்டதே. கல்யாணம் நடக்கிறதா? அதை நடத்த அவர் உயிரோடு இருக்கிறாரா? சொன்னது தப்பு என்றால் தப்பு என்றாவது எழுது. சும்மா இருந்து என்னைக் கொல்லாதே.

சுடலை


டோம்பிவிலி
14 பிப்ரவரி 2025

அன்புள்ள சுடலைக்கு அக்கா எழுதுவது. மேலே இருக்கிற ஊர்ப் பேரைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். நான் சுகமாக இருக்கிறேன். உன் அத்தானும் இருக்கிறார். அம்மா உன்னைக் கேட்டாள்.

அன்றைக்கு போனை வைத்துவிட்டு அப்படியே கடையிலிருந்து ஓடினேன். டோம்பிவிலி போய்ச் சேர்வதற்குள் என் உயிரே போய்விட்டது. வாசலில் வேப்பிலை, உள்ளே அவர் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். உதடு நீலம். அவர் அம்மா வாசலை மறித்துக்கொண்டு, “அம்மன் எறங்கியிருக்க ஒடம்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்காதே, குடும்பமே வெளங்காது” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அவரைத் தள்ளிவிட்டேன் சுடலை. மாமியாராகப் போகிறவரைப் பிடித்துத் தள்ளினேன். ஆட்டோக்காரர் ஒரு கை பிடித்தார். ஆஸ்பத்திரியில் விலாவில் துளை போட்டுக் குழாய் விட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். நீதான் அவரைப் பிழைக்க வைத்தாய்.

குழாயோடு கிடந்தவரிடம் நேராகவே கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. அழுதார். “மாப்ளைய உள்ள தள்ளினது நான்தான் கலை. அவன் வெளிய இருந்தா என்னைக்காவது சொல்லிருவான்னு பயந்துட்டேன்” என்றார். என் தலையில் கை வைத்து இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் பண்ணினார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சளி முற்றி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று இரண்டு வீட்டுக்கும் சொன்னேன். தை இருபதில் தாலி கட்டினார். என்னைத் தூ என்று துப்புவாய். துப்பு. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, வெட்கம் கெட்டுச் சொல்கிறேன். இந்த வரனும் நின்றுபோனால் அப்பா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்றும் நினைத்தேன். உன்னை நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் கை வரவில்லை. இந்த மாதத்தோடு உன் ஆறு மாதம் முடிகிறது. இன்னும் ஆறு மாதம் இருக்கட்டும் என்று அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். நீ வெளியே வந்து அவரை நேருக்கு நேர் பார்த்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாயா? அப்பாவுக்குத் தெரிந்தால் என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார், என் வாழ்க்கை அதோடு முடிந்தது.

போன வாரம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். முன்பு உன் சட்டையில் வந்த அதே வாடை வந்தது. ஊதுபத்தி என்றார். இங்கே சாமிக்குச் சாம்பிராணிதான், ஊதுபத்தி ஏற்றுகிற வழக்கமே இல்லை. தினமும் விடிந்ததும் அவர் கழுத்தைப் பார்க்கிறேன். கேட்டால் சண்டை வரும், அவர் அம்மா காதில் விழும். கேட்காமலும் இருக்க முடியவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

என்னை மன்னிக்காதே. ஆனால் பதில் எழுது.

கலைச்செல்வி


செம்பூர்
24 பிப்ரவரி 2025

அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாண வாழ்த்து. இரண்டு பேரும் உயிரோடு இருப்பது தெரிந்து எனக்குச் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. வந்த கோபத்தில் தட்டை எறிந்தேன், அதற்கு இரண்டு நாள் தனி ரூமில் போட்டார்கள்.

நேற்று அப்பா வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். இன்னும் ஆறு மாதத்துக்கான காகிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு, “இப்பவாச்சும் அந்தப் பேரச் சொல்லுலே. சொன்னா இதக் கிழிச்சுப் போட்டுட்டுக் கையோட கூட்டிட்டுப் போயிருதேன்” என்றார். கீழே ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஜன்னல் வழியாக எனக்கு அந்த ஆட்டோ தெரிந்தது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பேர் நாக்கு நுனிவரை வந்தது அக்கா. நீ என்னைப் பூட்டச் சொன்னாய் என்று தெரிந்த பிறகும் நான் சொல்லவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஆட்டோ கிளம்பினதையும் பார்த்தேன்.

உனக்காகச் செய்கிற கடைசிக் காரியம் இது. இனி நான் சொல்வதைக் கேள். அவர் மறுபடி ஆரம்பித்துவிட்டார். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த தடவை நீ கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்கு மூச்சு நின்றால் யார் வாசலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார்கள்? பங்குனியில் அப்பா மறுபடி என்னைப் பார்க்க வருவார். அதற்குள் நீ அத்தானைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே சேர்க்க வேண்டும். ஊருக்கு அவரும் சூரத் மில்லுக்குப் போயிருப்பதாகச் சொல்லிக்கொள். சேர்க்கவில்லை என்றால் அப்பா கேட்காமலே நான் பேரைச் சொல்லிவிடுவேன். அப்புறம் உன் கல்யாணம் என்ன ஆனாலும் சரி. நீ தாலி இல்லாமல் இருந்தால் நான் பார்த்துக்கொள்வேன், அவர் செத்து நீ அப்படி ஆனால் என்னால் தாங்க முடியாது.

கூட்டிக்கொண்டு வரும்போது நாலு சட்டையும் ஒரு போர்வையும் கொடுத்து அனுப்பு, இங்கே போர்வை அரிக்கும். அவரை நான் அடிக்க மாட்டேன் என்று சொல். பக்கத்துக் கட்டில் ஜஹாங்கீர் போன வாரம் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கட்டிலை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று நாணு சாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
சுடலை